உடைமைக்காரரை விட்டுவிட்டு ஊரைக் காக்க முடியாது

யாங்கோன் நகரின் மையப்பகுதியில் எந்தக் குறுந்தெருவுக்குள் நுழைந்தாலும் மாடிகளிலிருந்து கயிறுகள் தொங்குவதைப் பார்க்கலாம். கயிற்றின் கீழ்நுனியில் காகிதம் கவ்வும் கிளிப். மேல்நுனியில் ஒரு மணி. செய்தித்தாள் போடும் பையன் தாளைக் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பான். மூன்றாம் மாடியில் மணி அடிக்கும். வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து தாளை மேலே தூக்கிக்கொள்வார். லிஃப்ட் கிடையாது, செங்குத்தான படிக்கட்டு, அதற்கேற்ற ஏற்பாடு. இப்படிப்பட்ட தெருக்களில்தான் நூறு வயதை எட்டிய, எட்டப்போகும் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு வருகின்றன.

பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று 189 கட்டடங்களின் பட்டியலை யாங்கோன் நகர வளர்ச்சிக் குழு 1996இல் வகுத்தது. அரசு அலுவலகங்கள், விகாரைகள், தேவாலயங்கள், மசூதிகள், கோயில்கள், பள்ளிகள் ஆகியவையே அதில் பெரும்பகுதி. வரிசை வரிசையாக நின்ற தனியார் வீடுகளும் கடைவீடுகளும் ஏறக்குறைய முழுவதுமாகப் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டன. கூடுதலாக அழிந்ததும் அவைதான். ஊருக்கு முகம் தருபவை அந்தச் சாதாரண வீடுகள். அவற்றை யாருடைய பணத்தில், யாருடைய சம்மதத்தோடு காப்பது? யாங்கோனின் முன்னால் நிற்கும் இந்தக் கேள்வி செட்டிநாட்டின் முன்னாலும் புதுச்சேரியின் முன்னாலும் நிற்கிறது.

மனை பிரித்து எழுந்த நகரம்

1852இல் ரங்கூனை (இன்றைய யாங்கோனை)ப் பிடித்த ஆங்கிலேயர், சூலே பகோடாவை நடுவில் வைத்து நகரைக் கட்டம் கட்டமாக வகுத்தனர். மான்ட்கோமரி என்ற மருத்துவரும் ஃபிரேசர் என்ற ராணுவப் பொறியாளரும் தந்த திட்டம் அது. அகலமான சாலைகள், அவற்றை இணைக்கும் எண்ணிட்ட குறுந்தெருக்கள், தெருவைப் பார்த்துக் குறுகலாகவும் உள்நோக்கி நீளமாகவும் மனைகள். மனைகளை வாங்கியவர்களில் பல நாட்டவரும் இருந்தனர். பாக்தாத் யூதரான ஐசக் சோஃபர் 1906இல் கட்டிய கட்டடம் இன்றும் பான்சோடான் தெரு முனையில் நிற்கிறது. அர்மீனியர்களின் பல்தசார் கட்டடம், குஜராத்தி முஸ்லிம்களின் கடைகள், சீனர் தெருக்கள் என நகரம் வளர்ந்தது.

தமிழர்களின் பங்கும் சிறியதல்ல. அனவ்ரதா சாலையில் உள்ள காளி கோயில் 1871இல் தமிழர்கள் எழுப்பியது. இன்று ஷ்வே பொந்தா எனப்படும் தெரு அன்றைய மொகல் தெரு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கே இருந்தன. ஒரே கூடத்தில் பல பெட்டியடிகள், பகலில் கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை என்று இயங்கிய இடங்கள் அவை. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி, ஏறக்குறைய 4 லட்சம் பேர் வாழ்ந்த ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள்.

பிறகு வந்த அரை நூற்றாண்டு, ‘உடைமை’ என்பதையே கலைத்துப்போட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக வெளியேறினர். 1948இல் விளைநிலம் தேசியமயமானது. 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு 1963இல் வங்கிகளையும் 1964இல் கடைகளையும் எடுத்துக்கொண்டது. கப்பல் கப்பலாகத் திரும்பியவர்களின் நினைவாகத்தான் சென்னையில் பர்மா பஜார் இருக்கிறது. வெளிநாட்டவர் அசையாச் சொத்து வைத்திருக்க 1987இல் தடை வந்தது. நிலம் அனைத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசே என்று 2008 அரசமைப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு சொல்கிறது.

ஆகவே, யாங்கோனில் ஒரு பழைய வீட்டைக் காட்டி “இது யாருடையது?” என்று கேட்டால் ஒரு பெயர் பதிலாக வராது. மனை பாட்டன் வழி வந்ததாக இருக்கலாம். அரசு 30, 60, 90 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த ‘கிராண்ட்’ நிலமாக இருக்கலாம். பத்திரத்தில் இருப்பவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். வாரிசுகள் நான்கு நாடுகளில் இருக்கலாம். கீழ்த்தளத்தில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் ஒரு பழைய வாடகைக்காரர் சொற்பத் தொகை கொடுத்து வாழலாம். இத்தனை பேரும் ஒப்புக்கொண்டால்தான் கூரை ஓடு மாற்ற முடியும். இடிப்பதற்கு ஒப்புக்கொள்வது மட்டும் எளிதாகிவிடுகிறது. காரணம், இடித்தால் எல்லோருக்கும் ஏதோ ஒரு பங்கு கிடைக்கிறது.

கான்ட்ராக்டர் போடும் கணக்கு

அந்தப் பங்கைப் பிரித்துத் தருபவர் கான்ட்ராக்டர். நிலம் உங்களுடையது, கட்டும் செலவு என்னுடையது, எழும் மாடிகளில் இத்தனை உங்களுக்கு, இத்தனை எனக்கு என்பார். சென்னையில் ‘ஜாயின்ட் வென்ச்சர்’ என்று பெயர் பெற்ற அதே ஏற்பாடுதான். இரண்டு மாடி வீட்டை நான்கு வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடியாது. எட்டு மாடியாக எழுந்து பாதி வீட்டுக்காரர் பக்கம் வந்தால், தலைக்கு ஒரு மாடி. குடும்பச் சண்டை முடிகிறது, ஒழுகும் கூரை போகிறது, மகள் திருமணத்துக்கு விற்கவும் ஒரு சொத்து இருக்கிறது. 2011க்குப் பிறகு நாடு திறந்து, யாங்கோன் மனை விலை எகிறியபோது இந்தக் கணக்கை மறுக்கும் வலிமை பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

பராமரிப்புச் செலவும் சேர்ந்துகொள்கிறது. யாங்கோனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை. சென்னையைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை விடாமல் கொட்டும். சுவர் வெடிப்பில் பறவை எச்சத்தோடு விழுந்த ஓர் அரச விதை இரண்டே மழைக்காலத்தில் வேர் இறக்கிச் செங்கலைப் பிளந்துவிடும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டது. மேலே சிமென்ட் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரத் தொடங்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரோ அரிது.

இந்த நிலையில் 2015இல் மியான்மரில் பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியில்லாமல் இடித்தால் தண்டனை. நோக்கம் நல்லது. வீட்டுக்காரர் கண்ணோட்டத்தில் பாருங்கள்: வீட்டை விற்கும் விலை குறையும், பழுதுபார்க்கும் செலவு அவர் தலையில் விழும், கைக்கு எதுவும் வராது. தொண்ணூறு வயது வீட்டை வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பத்து ஆண்டுக்குள் இடித்துவிடு என்கிறது. நூறைத் தாண்டியவருக்கோ, மழை தானாக இடிக்கட்டும் என்று காத்திருப்பதே லாபம். உடைமைக்காரரைக் குற்றவாளியாக முன்கூட்டியே எண்ணும் எந்தச் சட்டமும் இப்படித்தான் திரும்பி அடிக்கும்.

யாங்கோன் காட்டிய இரண்டு வழிகள்

2012இல் வரலாற்றாசிரியர் தாண்ட் மியின்ட் ஊ தொடங்கிய யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை, இந்த நகரின் கட்டடங்களைப் பற்றிய பேச்சையே மாற்றியது. கணக்கெடுப்பு, நீலப் பலகைகள், நடைப்பயணங்கள், அரசோடு பேச்சு என்று பல தளங்களில் இயங்கியது. ஷ்வேடகன் பகோடாவுக்கு அருகே திட்டமிடப்பட்ட ‘டகோன் சிட்டி’ உள்ளிட்ட ஐந்து பெரும் கட்டுமானத் திட்டங்களைப் பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பிறகு அரசு 2015 ஜூலையில் ரத்துசெய்தது. அந்த நிலம் ராணுவத்தினுடையது. மேலிடத்தில் ஒரு முடிவு எடுத்தால் போதும், வேலை நின்றுவிடும். விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சான் 1947 ஜூலை 19 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட பழைய தலைமைச் செயலகமும் அரசின் கையில் இருந்ததால்தான் ஒரே ஒப்பந்தத்தில் சீரமைப்புக்குப் போக முடிந்தது. ஆயிரக்கணக்கான தனியார் வீடுகளுக்கு இப்படி ஒரு கையெழுத்து கிடையாது. ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.

தட்டியவர்கள் உண்டு. டர்க்காய்ஸ் மவுண்டன் என்ற தொண்டு நிறுவனம் மெர்ச்சென்ட் சாலையில் 491–501 எண் கொண்ட கட்டடத்தைச் சீரமைத்தபோது அங்கே குடியிருந்தவர்களை வெளியேற்றவில்லை. ஆட்கள் வாழும்போதே வேலை நடந்தது. உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு மரவேலையும் சுண்ணாம்பு வேலையும் பயிற்சியாகக் கிடைத்தன. காலி செய்து, பூட்டி, பழுதுபார்த்து, பணக்காரருக்கு விடுவதைவிட இது பல மடங்கு கடினம். குடியிருப்பவர் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். பேசினார்கள் என்பதே இதன் சிறப்பு.

‘டோ எய்ன்’ என்ற சமூக நிறுவனம் 2017 வாக்கில் இன்னொரு வழியைக் கண்டது. பழைய வீட்டின் உரிமையாளரிடம் போய், “இடிக்காதீர்கள்” என்று அவர்கள் உபதேசம் செய்யவில்லை. பழுதுபார்க்கும் செலவை முதலில் தாங்களே ஏற்பாடு செய்தார்கள். சீரான வீட்டை வாடகைக்கு விட்டு, வாடகையிலிருந்து செலவை மீட்டார்கள். சொத்து உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பழுது நீங்கிய, நல்ல வாடகை வரும் வீடு அவர் கைக்கு வரும். கான்ட்ராக்டர் காட்டும் கணக்குக்கு எதிராக இன்னொரு கணக்கை மேஜையில் வைத்தார்கள். வீடுகளுக்குப் பின்னால் குப்பை கொட்டும் இடமாகிப்போன சந்துகளையும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிச் சுத்தம் செய்து, சுவரில் ஓவியம் தீட்டி, குழந்தைகள் விளையாடும் இடமாக்கினார்கள். ஒரு சந்து சீரானால் அதை ஒட்டிய எல்லா வீடுகளுக்கும் மதிப்புக் கூடும். அதனால் உரிமையாளர்களின் மனமும் இளகும்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நல்ல வாடகை தந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். 2020இல் பெருந்தொற்று, 2021 பிப்ரவரியில் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு. வெளிநாட்டவர் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினர். சந்தை வாடகையை மட்டும் நம்பிய பாதுகாப்பு, சந்தை சாய்ந்தால் தானும் சாயும். அரசோ நகராட்சியோ அறநிதியோ பின்னால் நின்று தாங்கினால்தான் இது நிலைக்கும்.

செட்டிநாட்டில் அதே கதை

ரங்கூனிலிருந்து கப்பலேறிய தேக்கு மரம் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் வந்து தூணாகவும் கதவாகவும் நின்றது. அந்த வீடுகளுக்கு இன்று நேர்வதும் யாங்கோனில் நடப்பதும் ஒன்றேதான். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை என்று கட்டிய வீடு அது. மூன்று தலைமுறை கழிந்தால் ஒரே முகப்பின் பின்னால் பத்து இருபது குடும்பங்கள் பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். பொங்கலுக்கோ முன்னோர் வழிபாடான படைப்புக்கோ கூடும்போது ஓட்டைப் பற்றிப் பேச்சு எழும். செலவு என்றதும் அடங்கும். கடைசியில் வீடு கழற்றப்பட்டு, தூண்களும் கதவுகளும் பெல்ஜியம் கண்ணாடிகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் போன்றவை விடுதிகளாக மாறி உயிர் பிழைத்திருக்கின்றன. எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களிலுள்ள எல்லா வீடுகளும் விடுதியாக முடியாது. மற்றவற்றைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் வித்து புதுச்சேரியில் இருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் 2000களின் தொடக்கத்திலேயே அங்கே தமிழர் பகுதியின் வைசியாள் தெருவைக் கையில் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, வீட்டுக்காரர் ஒரு பங்கு போட்டால் திட்டம் ஒரு பங்கு போடும் என்ற இணை மானியம் தரப்பட்டது. திண்ணை, தாழ்வாரத் தூண், ஓட்டுச்சாய்ப்பு என்று தெருமுகம் முழுவதும் மீண்டது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. மானியம் நின்றபிறகு என்ன ஆயிற்று? மற்ற தெருக்களில் இடிப்பு தொடர்ந்தது. 1990களில் கணக்கெடுத்த சுமார் 1,800 பழங்கட்டடங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. பணம் நின்றதும் பாதுகாப்பும் நின்றுவிட்டது.

இலங்கையின் காலிக் கோட்டையில் நெதர்லாந்து நிதியுதவியோடு 50க்கு மேற்பட்ட தனியார் வீடுகள் அவரவர் கையிலேயே இருக்கச் சீரமைக்கப்பட்டன. பினாங்கின் ஜார்ஜ் டவுன் எச்சரிக்கையாகவும் பாடமாகவும் இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டை மலேசியா 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரேயடியாக நீக்கியது. பல தலைமுறையாக இருந்த வாடகைக்காரர்கள் வெளியேறினர். காலியான கடைவீடுகளில் கூடு விற்பனைக்காக உழவாரன் பறவைகள் வளர்க்கப்பட்டன. 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகுதான், அரசு சார்ந்த ‘திங்க் சிட்டி’ நிறுவனம் வீட்டுக்காரர்களுக்கும் குடியிருப்போருக்கும் மானியம் தரத் தொடங்கியது. லெபு பசார் பகுதித் தமிழ்க் கடைகளின் தெருமுகம் இன்றும் அடையாளம் தெரியும்படி நிற்கிறது.

நிலம் அவருடையது, நலன் ஊருடையது

இயற்கைப் பாதுகாப்பில் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நில அறக்கட்டளைகள் பல நேரங்களில் நிலத்தை வாங்குவதில்லை. கட்டும் உரிமையை மட்டும் உரிமையாளரிடமிருந்து பத்திரம் எழுதிப் பெறுகின்றன. அவர் உழலாம், குடியிருக்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு விடலாம். மனை போட்டுப் பிரிக்க மட்டும் முடியாது. பதிலுக்கு வரிச் சலுகை. நம் ஆனைமலையில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிக்கிய மழைக்காட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்தே மீட்டுவருகிறது. நிலம் நிறுவனத்தினுடையது, நாற்றங்காலும் நடவும் ஆய்வாளர்களுடையவை, பயன் சிங்கவால் குரங்குக்கும் ஆற்றுக்கும். யாரும் யாரையும் வெளியேற்றவில்லை.

மும்பை 1990களில் இன்னொன்றைச் செய்தது. பழங்கட்டடத்தை உயர்த்திக் கட்ட முடியாத உரிமையாளருக்கு, அவர் இழந்த தளப்பரப்பை நகரின் வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்கும் உரிமை தந்தது. கான்ட்ராக்டர் கொடுத்திருக்கக்கூடிய பணத்தின் ஒரு பகுதி இடிக்காமலே அவருக்குக் கிடைக்கிறது. இந்த முறைக்கு நம்பகமான நிலப்பதிவு வேண்டும். யாங்கோனில் அதுவே குறை என்பதால், அங்கே முதல் வேலை பத்திரத்தைத் தெளிவாக்குவது.

பணக்காரர் வீட்டுக்கு ஏன் பொதுப்பணம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் நிபந்தனையில் இருக்கிறது: மானியம் வாங்கினால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு இடிக்கக் கூடாது, தெருமுகத்தை மாற்றக் கூடாது, பழைய வாடகைக்காரரை விரட்டக் கூடாது. மீறினால் மானியம் வட்டியோடு திரும்பும். இந்த நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே பதிந்துவிட்டால் வீடு கைமாறினாலும் அவை தொடரும். பங்குதாரர்களில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால் கூரையைப் பழுதுபார்க்கலாம் என்று சட்டம் அனுமதிக்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டிலிருந்து பதில் போடவில்லை என்பதற்காக ஒரு வீடு நனைந்து விழக் கூடாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரிகளை வைத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வகுப்பு நடத்த வேண்டும். இவை எதுவும் பெரிய செலவில்லை.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, அண்மையில்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. யாங்கோன் 1996இல் செய்த தவற்றை ஆணையம் மீண்டும் செய்ய வேண்டாம். அரசுக் கட்டடங்களையும் கோயில்களையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடாமல், தனியார் வீட்டு உரிமையாளர்களுக்கான இணை மானிய நிதி ஒன்றை முதல் ஆண்டிலேயே தொடங்கட்டும். செட்டிநாட்டின் ஒரு தெருவை, உரிமையாளர்கள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, முன்மாதிரியாகச் செய்துகாட்டட்டும். பூட்டிய வீட்டில் பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அடுத்த படைப்புக்குக் கூடும்போது கூரைக்கென்று ஒரு பொதுக்கணக்கைத் தொடங்க வேண்டும்.